சமதளத்தில் ஒரு கிழட்டுக் குதிரை

முக்காலியை நட்டு, அதன் மேல் அளவெடுக்கும் கருவியைத் திருகிப் பொருத்தி, பெங்களூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். அதற்காகவே காத்திருந்தவன் போல என் குதிரை கருப்பட்டி மெதுவாக நடந்து வந்து, கருவியை உரசிக்கொண்டு குறுக்கே நின்றான்.

காலைப் பனி விலகாத நேரம். நிபுணர் கழுத்தில் மப்ளர், காலில் சேறு படாத வெள்ளை ஷூ. இதைக் கொஞ்சம் நகர்த்திக் கட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். கட்டிப்போடும் வயதை அவன் தாண்டிவிட்டான், இஷ்டப்பட்டால் நகர்வான் என்று விளக்கினேன். அவர் கையைத் தட்டினார். தொப்பியைக் கழற்றி வீசிக் காட்டினார். தெருநாயை விரட்டுவது போல 'ஹேய், ஹேய்' என்றார்.

கருப்பட்டி காதுகளைப் பாதி பின்னால் சாய்த்து அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பின்னங்கால்களை அகட்டி, எந்த அவசரமும் இல்லாமல் மூத்திரம் பெய்யத் தொடங்கினான். குதிரை மூத்திரம் என்பது செம்புக் கணக்கில் வருவதில்லை. முக்காலியின் கால் நனைந்தது. வெள்ளை ஷூ நனைந்தது. நிபுணர் துள்ளிக் குதித்துப் பின்னால் போனார்.

அன்றைக்கு அந்த நிலத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சிலை சாப்பிடாது

நிபுணரை அழைத்து வந்தவர் தனசேகர். என் நிலத்துக்கு மேற்புறம் இருக்கும் ரிசார்ட்டுக்குச் சொந்தக்காரர். கீழே நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்துச் சம்பாதித்தவர். பணம் சேர்ந்ததும் மலைமேல் காற்று வாங்க ஆசைப்பட்டு, வாங்குகிற காற்றை நாலு பேருக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்து, சரிவில் வரிசையாகக் குடில்கள் கட்டினார். குடில்களுக்குப் பறவைகளின் பெயர். கோழி மட்டும் அதில் இல்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள்; எங்கள் அரியூர் நாட்டில் சமதளம் என்று ஒன்று கிடைப்பது அபூர்வம். பள்ளத்தில் நெல் வயல் இருக்கும், மற்றதெல்லாம் சரிவு. என்னிடம் இருந்த நிலத்தில் முன்பு யாரோ குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டு, வருடக்கணக்கில் கொத்திக் கொத்திச் சமன்படுத்தி வைத்திருந்தார்கள். தனசேகருக்கு அந்தச் சமதளத்தின் மேல் கண். அவரிடம் பணம் இருந்தது. என்னிடம் குதிரையேற்றம் சொல்லித்தரும் வித்தை இருந்தது. இடம் என்னுடையது, மண் சமன்செய்வதும் மணல் கொட்டுவதும் வேலி போடுவதும் அவருடையது, வருகிறவர்களுக்குக் கற்றுத்தருவது நான் என்று பேசி முடித்தோம். அவர் அதற்கு 'ரைடிங் அரீனா' என்று பெயர் சொன்னார். சொல்லும்போதெல்லாம் மார்பு சற்று விரிந்தது.

பேசி முடித்த மறு வாரமே முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ் வாங்கிவிட்டார். அதுவரை அவர் ஒரு குதிரை மேலும் உட்கார்ந்தது கிடையாது. அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு செம்மேட்டுச் சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

அரீனா வாசலில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பெரிய ஃபைபர் குதிரை ஒன்று வைக்க வேண்டும் என்பது அவருடைய முதல் யோசனை. நிஜக் குதிரைக்கு இன்னும் லாயமே இல்லை, சிலைக்கு என்ன அவசரம் என்று கேட்டேன்.

"சிலை சாப்புடாதுங்களே அக்கா" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோழிப்பண்ணைக்காரரின் கணக்கு அது.

கடிக்கிறவன்

இங்கே கருப்பட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் இளவயதில் கோயம்புத்தூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் அலுவலகக் கணக்கு எழுதப் போனேன். குதிரைக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் காரில் வந்து இறங்கும். ஹெல்மெட் போட்டால் முடி கலைந்துவிடும் என்று ஓர் அம்மா சண்டை போடுவார். தன் மகள் அழும்போது குதிரையும் சோகமாக இருந்ததாக இன்னொரு அம்மா கண்டுபிடிப்பார். குதிரைக்கு அப்போது பசியாக இருந்திருக்கும்.

பந்தயங்களில் ஒரு தடவைகூட முதலில் வராத குதிரை ஒன்றை யாரோ பள்ளிக்குத் தள்ளிவிட்டார்கள். கருப்பட்டி நிறம், அதுவே பெயர். வந்த வாரத்திலேயே பயிற்சியாளரின் தோளைக் கடித்தான். அடுத்து ஒரு டாக்டரின் மகனைக் கடித்தான். காலையில் அவனை வெளியே நடத்திக் கூட்டிப்போக ஆள் இல்லை. அலுவலகத்தில் சும்மாதானே இருக்கிறீர்கள் என்று என்னிடம் கயிற்றைக் கொடுத்தார்கள்.

என்னையும் கடித்தான். நான் திரும்ப அவன் காதைப் பிடித்துத் திருகினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பெரிய தகராறு எதுவும் இல்லை. முதலில் நடத்தினேன், பிறகு ஏறினேன். பள்ளி திறக்கும் முன்பு, யாரும் இல்லாத மைதானத்தில், கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல், விழுந்து விழுந்து கற்றுக்கொண்டேன். எட்டு மணிக்கு மைதானத்தை விட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். பின்னாளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். அப்போதும் சம்பளப் பட்டியலில் நான் கணக்கு எழுதுகிறவள்தான்.

எனக்கென்று ஒரு மைதானம் இருந்தால், யார் ஏறலாம் யார் இறங்கலாம் என்று நானே சொல்லலாமே என்று அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்தது எத்தனையோ தடவை.

பள்ளி நிலத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள். நல்ல குதிரைகள் நல்ல இடங்களுக்குப் போயின. கிழடும் கடிப்பதுமான கருப்பட்டியை யாரும் கேட்கவில்லை. பின்வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் ஏறுகிற குதிரை அறுப்புக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். நான் அவனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பள்ளியை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் இந்த மலையில் நிலம் வாங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பும்போதெல்லாம் அவன் பலகையை உதைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேலே வந்து இறங்கியதும் முதல் காரியமாக லாரி ஓட்டுநரின் சட்டைப் பையைக் கடித்துக் கிழித்தான்.

ஒரு குறை

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் மிருகங்களை உயர்த்தியும் மனிதர்களை மட்டமாகவும் எழுதுகிறேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். முதல் பாதி தவறு. கருப்பட்டி உயர்ந்த பிராணி ஒன்றும் இல்லை. சோம்பேறி, கர்வி, நன்றி தெரியாதவன். கொள்ளு ஊறவைக்கும் வாளியை எடுத்தால் மட்டும் என்னைத் தெரிந்துகொள்வான்.

இந்த விஷயத்தில் என் பக்கத்து நிலத்துப் பாப்பாயக்காவின் கருத்தும் இதுதான். என் நிலத்துக்குக் கீழே ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் பாப்பாயக்காவின் வயல். இந்த மலையிலேயே பிறந்து, நெல்லும் சாமையும் மிளகும் பார்க்கிறவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் வந்த நாளிலிருந்து கருப்பட்டியைப் பார்க்கும்போதெல்லாம், ஏர் இழுக்காது, பால் கறக்காது, இதுக்கு ஒரு தீனி வேறயா என்பார். ஒரு தடவை அவன் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி அவருடைய சாமைக் கதிரை மேய்ந்துவிட்டான். அன்றைக்கு அவர் திட்டியதை ஒரு வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

மார்கழி

அந்த வருடம் மார்கழிப் பனி கொஞ்சம் கடுமை. குதிரைக்கு இருபத்தைந்து என்றாலே கிழம். கருப்பட்டி முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து போய், புல்லை மென்று மென்று உருண்டையாக்கிக் கீழே துப்புவான். தவிட்டையும் கொள்ளையும் கஞ்சி மாதிரி கரைத்துத்தான் கொடுத்தேன். முதுகு தொங்கிவிட்டது. கண்ணுக்கு மேலே குழி விழுந்துவிட்டது.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வேலியோரம் படுத்துக் கிடந்தான். எழ முடியவில்லை. முன்னங்கால்களை நீட்டி உந்துவான், பின்னங்கால்கள் வழுக்கும், மறுபடி விழுவான். சுற்றியிருந்த மண்ணெல்லாம் அவன் உதைத்ததில் உழுத மாதிரி இருந்தது. பாப்பாயக்காவின் இரண்டு மகன்களையும் ரிசார்ட் ஆட்களையும் கூப்பிட்டு, கயிறும் சாக்கும் போட்டு, புரட்டி நிமிர்த்தி எழுப்பினோம். எழுந்து நின்றவனுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். அந்த நிலையிலும் ரிசார்ட் பையன் ஒருவனின் முழங்கையைத் தேடினான், கடிக்க.

கால்நடை டாக்டர் கீழே இருந்து வந்தார். சின்ன வயதுக்காரர், அதிகம் பேசாதவர். கால் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"அடுத்த தடவ படுத்தா எந்திரிக்க மாட்டானுங்கம்மா. யாரும் பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்துதான் அது நடக்கும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு நாள் சொன்னீங்கன்னா நான் வாரேன்."

ஊசி போட்டுத் தூங்கவைப்பதைத்தான் சொன்னார். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஃப்ளெக்ஸில் ஓடுகிறவன்

அதே வாரத்தில் செம்மேட்டுக்குள் நுழையும் இடத்தில் தனசேகரின் ஃப்ளெக்ஸ் எழும்பியிருந்தது. தை பிறந்ததும் அரீனா திறப்பு விழா. கருப்பட்டியின் படத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் முதுகை நிமிர்த்தி, பிடரியை நீட்டி, நான்கு கால்களும் தரையில் படாமல் ஓடவிட்டிருந்தார்கள். மேலே தனசேகர், கை கூப்பி. என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், உங்கள் குதிரை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிஜக் குதிரை அவர்களுக்குப் பின்னால் பத்தடியில் புல்லைத் துப்பிக்கொண்டு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னதைத் தனசேகரிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினார். அவருடைய முகத்தில் வருத்தம் வந்ததை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது விழாத் தேதியைத் தாண்டிப் போகவில்லை. முக்கியமான ஒருவர் வருகிறார், மாலை போட்ட குதிரையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார், அதுவரைக்கும் வலி ஊசி போட்டு நிற்கவைத்துவிட முடியாதா என்று கேட்டார். அரீனாவுக்கென்று சொல்லிவைத்த புதுக்குதிரைகள் விழா முடிந்துதான் வரும்.

உடனே முடியாது என்று சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஜன்னலோரம் நினைத்த மைதானம் கண்ணெதிரே சுண்ணாம்புக் கோடு போட்டுக் கிடந்தது. விழா நடக்காவிட்டால் அதுவும் நடக்காது. டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். போடலாம், நிற்பான், ஆனால் வலி தெரியாமல் அந்தக் காலை ஊன்றி ஊன்றி இன்னும் கெடுத்துக்கொள்வான் என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் வந்திருந்தது. அவனுக்குப் படுக்க வேண்டும் போலிருந்தது. முன்னங்கால் முட்டிகளை மெல்ல மடக்கினான். பாதி மடங்கியதும் நின்றான். நிமிர்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மடக்கினான், மறுபடி நிமிர்ந்தான். படுத்தால் எழ முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்று பகல் முழுவதும், தூக்கம் கண்ணைச் சொருகச் சொருக, படுக்கப் பயந்துகொண்டு ஒரு குதிரை நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் டாக்டரைக் கூப்பிட்டு, நாளை மறுநாள் வாருங்கள் என்றேன்.

குழி

மண் சமன்செய்யத் தனசேகர் அமர்த்திய பொக்லைன் நிலத்தில்தான் நின்றது. மறுநாள் காலை அதன் ஓட்டுநரிடம் சொல்லி, அரீனாவுக்குப் போட்ட கோட்டுக்கு வெளியே, ஓடைப்பக்கத்து மூலையில் குழி தோண்டச் சொன்னேன். முழங்கால் ஆழம் போயிருக்கும், ரிசார்ட்டிலிருந்து தனசேகர் இறங்கி ஓடி வந்தார். வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பூமி பூஜை போட்ட எடங்க அக்கா. இங்க செத்ததப் பொதைச்சா யாருங்க வந்து குதிரை ஏறுவாங்க?"

பூஜை போட்டது கோட்டுக்கு உள்ளே, குழி கோட்டுக்கு வெளியே என்றேன். மூட்டைப் பூச்சிக்குக்கூட வாஸ்து பார்க்கிற மனிதரிடம் கோடு எடுபடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். கீழே ஓர் ஆள் இருக்கிறார், வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்வார், நாம் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்றார்.

"ஏத்திட்டுப் போயி என்ன பண்ணுவாருன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"அதெல்லாம் நான் எதுக்குங்க கேக்கறேன்."

"நீங்க கேக்க மாட்டீங்க. கோயமுத்தூர்ல அந்த வண்டிய நான் பாத்திருக்கேன். அதுல ஏத்தாம இருக்கத்தான் இவன இங்க கூட்டிட்டு வந்தேன்."

அவர் பொக்லைனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதைத்தால் என் காசு இந்த நிலத்தில் விழாது அக்கா என்று மரியாதையாகவே சொன்னார். அப்படியானால் உங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போங்கள் என்று நானும் மரியாதையாகவே சொன்னேன். பொக்லைன் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனது. போகிற வழியில் சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டுப் போனது. முழங்கால் ஆழக் குழியும் நானும் மிச்சம்.

சத்தம் கேட்டுப் பாப்பாயக்கா ஓடையைத் தாண்டி வந்துவிட்டார். எனக்காக வருத்தப்பட வந்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"ஏங்கண்ணு, இங்கயா பொதைக்கப் போற? மழை வந்தா அத்தனையும் ஊறி என் வயலுக்குத்தான வரும்? மேல கொண்டு போ. நட்டநடுவுல போடு."

நடுவில்தான் அரீனா வர வேண்டும் என்றேன். பொக்லைன் போன திசையைப் பார்த்துவிட்டு, என்ன அரீனா என்றார்.

நான் மேலே ஏறிப் போய் நட்டநடுவில் இடம் காட்டினேன். அவருடைய மகன்கள் கடப்பாரையும் மம்முட்டியும் கொண்டுவந்தார்கள். கூலியை அவர்தான் பேசினார். கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். புதைக்கிற காரியத்துக்குப் பேரம் பேசக்கூடாது கண்ணு என்று சொல்லி முழுதாக வாங்கிக்கொண்டார். ஆனால் ஒன்று, குழி அரைகுறையாக இருந்தால் நாற்றம் முதலில் தன் வீட்டுக்குத்தான் வரும் என்பதால், மேட்டில் உட்கார்ந்துகொண்டு ஆழம் போதாது, ஆழம் போதாது என்று மகன்களை விரட்டி, இருட்டும் வரை தோண்டவைத்தார். அன்றைக்குக் கேட்ட ஆறுதல் வார்த்தைகளையெல்லாம்விட அந்தச் சுயநலம் எனக்கு உதவியாக இருந்தது.

ஆறுதல் வார்த்தைகள் என்றால், கோயம்புத்தூரிலிருந்து பழைய ஆட்கள் ஃபோனில் அனுப்பியவை. கும்பிடும் கைகள், அழும் முகங்கள், வானவில் ஒன்று. ஒரு காலத்தில் இவன் கடித்துவிட்டான் என்று பள்ளியின் மேல் வழக்குப் போடுவதாக மிரட்டிய அம்மா, என் குழந்தைப் பருவத்தின் தோழனே என்று தன் மகன் சொல்வது போல எழுதியிருந்தார்.

அவன் நின்ற விதம்

டாக்டர் வந்தபோது நல்ல வெயில். பலாமரத்தின் நிழல் குழியின் விளிம்பு வரைக்கும் வந்திருந்தது. கருப்பட்டியைக் கயிறு போடாமலே கூட்டி வந்தேன். கையில் நாட்டு வெல்லம் பிசைந்த வாழைப்பழம் இருந்ததால் வந்தான். எனக்காக வந்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பழத்தைத் தின்றான். பாதி வாயிலிருந்து ஒழுகியது. என் கையை நக்கிச் சுத்தம் செய்தான். டாக்டர் கழுத்து நரம்பைத் தேடிக் குனிந்தபோது அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கடித்து உருவினான். டாக்டர் பறிக்கவில்லை. இருக்கட்டும் என்றார். முதல் ஊசி, மயக்கத்துக்கு. தலை தாழ்ந்தது. கீழுதடு தொங்கியது. பேனா புல்லில் விழுந்தது.

விழும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது, தள்ளிப் போங்கள் என்றார் டாக்டர். நான் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, அவர் இரண்டாவது ஊசியைச் செலுத்தி முடிக்கும் வரை நின்றேன். நல்ல வார்த்தை ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை. "சரி, படுத்துக்க" என்றேன். பிறகுதான் விலகினேன்.

முட்டிகள் மடங்கின. இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை. அவன் விழுந்தபோது நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது.

இதற்குப் பிறகு உள்ளதை எழுதாமல் விட்டால் அழகாக முடியும். மிருகங்களின் சாவைப் பூ உதிர்வது போல எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் குதிரையைக் குழிக்குள் இறக்கியதில்லை. கால்களில் கயிறு கட்டி, நான்கு பேர் இழுத்து, ஒரு முட்டுக்கட்டை கொடுத்துப் புரட்டினோம். கழுத்து ஒரு பக்கம் மடங்கிக்கொண்டது. நான் உள்ளே இறங்கி அதை நேராக்கினேன். குதிரைக்குக் கண் தானாக மூடாது. என் துண்டை எடுத்துப் போட்டு மூடினேன். மேலே ஏறப் பாப்பாயக்காதான் கை கொடுத்தார்.

"நின்னது நல்லா நின்னான்" என்றார். அவனைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. சொல்லிவிட்டு, மண்ணை மிதித்து அமுக்காமல் போடாதீர்கள் என்று மகன்களிடம் கத்தப் போய்விட்டார்.

நான் வீட்டுக்குள் போய்க் கஞ்சி வாளியைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

பிறகு

தனசேகர் சொன்ன தேதியில் விழாவை நடத்தினார். குடில்களுக்கு நடுவே சரிவை வெட்டி, மணலைக் கொட்டி, எங்கிருந்தோ இரண்டு மட்டக்குதிரைகளை வாடகைக்குக் கொண்டுவந்தார். முக்கியமானவர் வரவில்லை, அவருடைய மைத்துனர் வந்தார். கோடை மழையில் மணலெல்லாம் ரோட்டுக்கு இறங்கியது. பஸ்காரர்கள் திட்டினார்கள். மட்டக்குதிரைகள் குளிரில் மூக்கொழுகிக்கொண்டு திரும்பிப் போயின. இப்போது அந்த இடத்தில் இதய வடிவத்தில் ஒரு வளைவு நிற்கிறது. வருகிறவர்கள் அதற்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் எனக்கு முடிந்ததைச் செய்தேன். மெதுவாகச் செய்தேன். சில்வர் ஓக் கம்புகளில் வேலி போட்டேன். நிபுணர் வரைந்த நீள்சதுரத்தில் பாதிகூட இல்லை, ஒரு வட்டம்தான். நடுவில் மண் இரண்டு மழைக்கு அமுங்கியது. இரண்டு தடவையும் நிரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினேன். மூன்றாவது மழைக்கு அமுங்கவில்லை. பிறகு ஒரு செவலைப் பெண்குதிரையை வாங்கினேன். யாரையும் கடிக்காது. அதனால் கொஞ்சம் அலுப்பாகக்கூட இருந்தது.

ரிசார்ட் விருந்தினர்கள் வேலி தாண்டி வந்து ஏறத் தொடங்கினார்கள். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று நானே சொன்னேன். நினைத்த அளவு இன்பமாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் இல்லாத மதிய நேரம், தனசேகர் தனியாக வந்து வேலியோரம் நின்றார். குழிக்குப் பிறகு நாங்கள் நேராகப் பேசியதில்லை. ஏதோ வியாபாரம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து, ஏனுங்க, என்ன விஷயம் என்று வெட்டினாற்போல் கேட்டேன். அவர் செவலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நாமக்கல்லுக்கு சர்க்கஸ் வந்தபோது, வெளியே கட்டியிருந்த குதிரைகளைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்க நின்றாராம். டிக்கெட்டுக்கு வழியில்லை, கிட்டே போகவும் விடவில்லை. அதைச் சொல்லிவிட்டு, எனக்குச் சொல்லித்தருவீர்களா அக்கா என்று கேட்டார்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சிலை, ஃப்ளெக்ஸ், நிபுணர் எதுவுமே தேவைப்பட்டிருக்காது. அந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஏறுவதற்கே மூன்று தடவை ஆயிற்று. ஏறியதும் மூட்டையைப் போல முன்னால் சாய்ந்து, பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதுகை நிமிர்த்துங்கள், குதிகாலைக் கீழே அழுத்துங்கள், மூச்சு விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடித்து வட்டத்தில் நடந்தேன். இரண்டு சுற்றுக்குப் பிறகு கயிற்றைக் கழற்றிவிட்டு, வட்டத்தைக் குறுக்கே கடந்து அந்தப் பக்க வேலிக்குப் போகச் சொன்னேன்.

பாதி வழியில், நடுவில் யார் கிடக்கிறான் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம் வெளிறி, கடிவாளத்தை இழுத்து, நடுவைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். செவலை குழம்பி நின்றுவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நேராவே போங்க" என்றேன். "உங்களவிட மோசமா உக்காந்தவங்களையெல்லாம் சொமந்தவன் அவன்."

அவர் கடிவாளத்தைத் தளர்த்தினார். செவலை நேராக நடந்தது.